கை நனைக்காத சம்பந்தம்

நீலம்பாளையத்துக்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் கையில் தண்ணீர்க் கேனோடுதான் போவார்கள். கல்யாண வீடோ கருமாதி வீடோ, வண்டியிலிருந்து முதலில் கேன் இறங்கும், அப்புறம்தான் ஆள் இறங்குவார். சுற்று வட்டாரத்தில் அவர்களுக்குக் ‘கேன்காரர்கள்’ என்று பெயர். பெயர் வைத்தவர்கள் பாசத்தில் வைக்கவில்லை.

கேனுக்குக் காரணம் இருந்தது. ஒரு காலத்தில் அந்த ஊர் ஆற்றில் சாயப்பட்டறைக் கழிவும் சாக்கடையும் கைகோத்து ஓடின. ஒரு கோடையில் வந்த வாந்திபேதி, நடக்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளாகப் பார்த்துக் கொண்டுபோனது. அதன் பிறகு ஊரே கூடி அரசாங்கத்தை நச்சரித்து ஆற்றங்கரையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஓசோன் நிலையத்தைக் கட்டியது. அன்றிலிருந்து ஊருக்குள் ஒருவருக்கும் வயிற்றுக்கடுப்புகூட வந்ததில்லை. இன்றைக்கு அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு வாந்திபேதி என்பது மன்னர் காலத்துப் போர் மாதிரி, பாடத்தில் படித்துப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடும் சமாச்சாரம்.

கிருமியின் முகத்தையே பார்த்தறியாத வயிறுகள். வெளியூர்த் தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போனாலும் ஆளைப் படுக்கவைத்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னார்களே தவிர, குடித்துப் பார்த்தவர்கள் குறைவு.

வெண்பா அந்த நிலையத்தில் ஷிப்ட் இன்ஜினியர். ஊதா வெளிச்சம் கசியும் கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே, இடி இடித்து ஓய்ந்த மாதிரி ஒரு வாசனையில் அவளுடைய வாலிபம் கழிந்துகொண்டிருந்தது. அங்கே மின்மாற்றி பழுது பார்க்க வந்தான் செழியன். ஒரே நாளில் முடிக்க வேண்டிய பழுதை ஒரு வாரம் இழுத்தான். வெண்பாவும் அவசரப்படுத்தவில்லை. பிறகு நீலம்பாளையத்திலேயே வேலை தேடிக்கொண்டு, அறை எடுத்துத் தங்கி, ஒரு நாள் நிலையத்து வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னான். அவள் யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நடித்துவிட்டுச் சரி என்றாள்.

ஜாதகம் பொருந்தியது. வேலை, வசதி, உறவுமுறை எல்லாமே பொருந்தியது. பொருந்தாதது தண்ணீர் ஒன்றுதான்.

செழியனின் ஊர் வேலாம்புதூர். அரைமணி நேரப் பயணம். அந்தப் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவது ஒரு சம்பிரதாயம். வீடு, தோட்டம், மாடு கன்று எல்லாம் பார்த்து, மனசுக்குப் பிடித்திருந்தால் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது. பிடிக்காதவர்கள், “இன்னொரு நாளைக்கு ஆகட்டுங்க” என்று காபிகூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

கேன்காரர்கள் எங்கே கை நனைப்பார்கள்? போன வருடம் ஒரு குடும்பம் தங்கள் கேன் தண்ணீரிலேயே கையைக் கழுவிவிட்டு இலையில் உட்காரப் பார்த்தது. “உங்க தண்ணியில கை நனைச்சா உங்க ஊட்டுல நனைச்ச கணக்குங்க. எங்க ஊட்டுல நனைச்சதா ஆகாது” என்று மாப்பிள்ளை வீட்டார் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். நீலம்பாளையத்துப் பெண்கள் நீலம்பாளையத்துக்குள்ளேயே வாழ்க்கைப்படுவது இப்படித்தான் வழக்கமானது.

வெண்பாவுக்கு அந்த வழக்கத்தில் சேர விருப்பமில்லை. அவளிடம் ஒரு திட்டம் இருந்தது.

நிலையத்தில் குழாய் உடைந்தால் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போக, டிபன் கேரியர் உயரத்தில் ஓர் அவசர ஓசோன் பெட்டி உண்டு. அதைச் செழியனிடம் கொடுத்தாள்.

“காலையில நாங்க வர்றதுக்கு முன்னால உங்க வீட்டு மொட்டை மாடித் தொட்டியில இந்தக் குழாயைப் போட்டு ஓட விடு. இருபது நிமிசம் போதும். அப்புறம் நாங்க எல்லாரும் கவலையில்லாம உங்க தண்ணியிலயே கை நனைச்சுக்கலாம். உங்க அம்மாவுக்கும் தெரியாது, எங்கப்பாவும் பயப்பட மாட்டாரு.”

“மாட்டிக்கிட்டா?”

“மாட்ட மாட்டோம். தண்ணிக்கு நிறமா மாறப்போகுது?” என்றாள் வெண்பா, இன்ஜினியர்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் நெருங்கிய உறவினரோடு வேலாம்புதூர் போனார்கள். வெண்பாவின் அப்பா பிரவீண்குமார் ஒரு காலத்தில் ஓசோன் நிலையக் கமிட்டியின் தலைவர். தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்தாகிவிட்டது என்று வெண்பா வழியில் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அதனால் கேன் வண்டியிலேயே இருந்தது. கேன் இல்லாமல் இறங்கிய நீலம்பாளையத்துக்காரரைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

செழியனின் அம்மா ஹர்ஷினி வாசலுக்கு வந்து வரவேற்றாள். ஹர்ஷினி, வர்ஷினி என்றெல்லாம் சின்னப் பெண்களுக்குப் பெயர் வைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்தப் பெயர்க்காரிகளெல்லாம் முழங்கால் வலியோடு மருமகள் தேடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். இந்த ஹர்ஷினி கணவர் இல்லாத வீட்டைத் தனியாளாய் நடத்துகிற, கண்டிப்பும் கலகலப்பும் கலந்த மனுஷி. கூடமாட நிற்க அவளுடைய அண்ணன் சந்தோஷ் வந்திருந்தார். பெயருக்கும் அவர் முகத்துக்கும் சம்பந்தமில்லை.

தோட்டம் பார்த்தார்கள். மாட்டைப் பார்த்தார்கள். கிணற்றைக் காட்டும்போது ஹர்ஷினி குரலில் பெருமை கூடிவிட்டது. பாறையைக் குடைந்த கிணறு. சுற்றிலும் இடுப்பளவு சுவர், மேலே கம்பி வலையும் மூடியும். செருப்புக் காலோடு யாரும் கிட்டே வரக்கூடாதாம். சித்திரைக்குச் சித்திரை தூர் வாருவார்களாம். வெண்பா மரியாதைக்குத் தலையாட்டினாள். மூடி போட்டால் கிருமி கதவைத் தட்டிவிட்டா வரும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

“ஏங்கண்ணு, கரண்ட வச்சுத் தண்ணியக் கழுவறீங்களாமே, தண்ணி குடிக்கறவங்களுக்கு ஷாக் அடிக்காதா?” என்று கேட்டாள் ஹர்ஷினி.

“தண்ணிக்குள்ள கரண்ட் விடறதில்லீங்க அத்தை. கண்ணாடிக் குழாயில ஆக்சிஜன விட்டு, பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல குடுப்போம். அந்த வேகத்துல அது உடைஞ்சு ஓசோனா மாறிடும். அந்தக் காத்தைத் தண்ணியில குமிழி குமிழியா விட்டா, கிருமியப் பூராம் பொசுக்கிட்டு, கொஞ்ச நேரத்துல அதுவும் பழையபடி ஆக்சிஜனாப் போயிரும். வந்த சுவடே தெரியாது.”

“நல்ல விருந்தாளிதான்” என்றாள் ஹர்ஷினி. “வந்தமா, வேலையப் பாத்தமா, போனமான்னு.”

எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. பேச்சு பிடித்துக்கொண்டது. பிரவீண்குமாருக்கு வீடு பிடித்திருந்தது, மனிதர்களும் பிடித்திருந்தார்கள். “இலை போட்டரலாமுங்களா?” என்று ஹர்ஷினி கேட்டபோது அவர் மகளைப் பார்த்தார். மகள் கண்ணால் ‘சரி’ என்றாள். அவர், “போடுங்க” என்றார். வெண்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சந்தோஷ் மாமா முதல் ஆளாகக் கை கழுவக் குழாயைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

குழாயிலிருந்து நல்ல ரோஸ் நிறத்தில் தண்ணீர் கொட்டியது.

“என்றா இது, ரோஸ் மில்க்கு வருது?”

ஆளுக்கு ஆள் ஓடிவந்து பார்த்தார்கள். யாரோ ஆரத்தி கரைத்துக் கொட்டிவிட்டார்களா என்று ஒருவர் கேட்டார். சமையலறைக் குழாயைத் திறந்தால் அங்கேயும் அதே நிறம். மாமா மொட்டை மாடிக்கு ஏறினார். இறங்கும்போது அவர் கையில் பெட்டி இருந்தது. பெட்டியில் ‘நீலம்பாளையம் நீர் நிலையம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததால் விசாரணைக்கு வேலை இருக்கவில்லை.

வெண்பாவுக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துபோனது. பாறைக் கிணறுகளில் மாங்கனீசு இருக்கும். அதன் மேல் அளவுக்கு மீறி ஓசோன் போனால் பர்மாங்கனேட் ஆகிவிடும். நிறம் ரோஸ். முதல் வருடப் பாடம். தங்கள் நிலையத்துத் தண்ணீரில் மாங்கனீசு கிடையாது என்பதால் உலகத்திலேயே கிடையாது என்று இருந்துவிட்டாள்.

“நாந்தானுங்க குடுத்தனுப்பிச்சேன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். மறைத்துப் பயனில்லை. “உங்க தண்ணியில கை நனைக்கோணும்னுதான்...”

“எங்க தண்ணியில இல்ல. கழுவுன தண்ணியில” என்றார் மாமா. “எந்த ஊட்டுப் பொண்ணும் மாமியார் ஊட்டுத் தண்ணியத் தொவைச்சுக் காயப்போட்டுட்டு வந்து நான் பாத்ததில்ல. எந்திரிங்க எல்லாரும். இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்.”

பிரவீண்குமார் எழுந்தார். அவருக்கும் ரோஷம் இருந்தது.

“ஏனுங்க, எங்களைக் கேன்காரன்னு சிரிக்கறீங்க. சிரிங்க. எனக்கு மூத்தது ஒரு பையன். ஒன்றரை வயசு. காலையில வாந்தி எடுத்தான், ராத்திரி இல்லை. தண்ணி குடிச்சதத் தவிர அவன் ஒரு தப்பும் பண்ணல. அந்த நிலையம் வந்தப்புறம் எங்க ஊர்ல ஒரு குழந்தையக்கூட நாங்க அப்படித் தூக்கிட்டுப் போகல. தண்ணியக் கண்டா எனக்குப் பயம். அதை மரியாதைக்குறைவுன்னு நெனைச்சா நான் என்ன பண்ணட்டும்?”

மாமாகூடப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். வெண்பா தன் அண்ணனைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்தவள். அப்பா அவனைப் பற்றி அந்நியர் முன்னால் பேசி அவள் கேட்டதேயில்லை.

ஹர்ஷினி மகன் பக்கம் திரும்பினாள்.

“எவ்வளவு நேரம் ஓட்டச் சொல்லுச்சு அந்தப் புள்ள?”

“இருபது நிமிசம்” என்றான் செழியன்.

“நீ எவ்வளவு நேரம் ஓட்டுனே?”

அவன் தலை குனிந்து, மாமா கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான்.

“விடியக்காலமே மேல போனவன், இவங்க கார் சத்தம் கேட்டப்பறம்தான் கீழ வந்தான். ஏன்னு நான் சொல்லட்டுமா? போன தீபாவளிக்கு வந்துட்டுப் போயி வயித்தால போயிக் கெடந்தான். அதுல இருந்து எங்கையில தண்ணி வாங்கிக் குடிக்கறதில்ல. ஊத்திக் குடுத்தா டம்ளரோட கொல்லப்பக்கம் போறான், கருவேப்பிலைச் செடிக்கு ஊத்தறான். வண்டிப் பொட்டிக்குள்ள பாட்டில் வச்சுக் குடிக்கறான். அவன் நெனைச்சான் எனக்குத் தெரியாதுன்னு. அந்தச் செடி மட்டும் இந்தக் கோடையிலயும் தழைஞ்சு நிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சுடா எனக்கு.”

செழியன் தலை நிமிரவில்லை. அவன் ஓட்டியது பெண் வீட்டாருக்காக மட்டும் அல்ல, தனக்காகவும்தான் என்பது வெண்பாவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“வர்ற மருமக குடிக்காட்டிப் போகுது, வேத்தூட்டுப் புள்ள. நான் பெத்தவன் குடிக்கலியே” என்றாள் ஹர்ஷினி. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெண்பாவைப் பார்த்தாள். “ஏங்கண்ணு, நீ படிச்ச புள்ள. எங்க தண்ணியில என்ன இருக்குன்னு ஒருக்காவாச்சும் பாத்தியா?”

“இல்லீங்க அத்தை.”

“பாக்காமயே கழுவ வந்துட்டே.”

வெண்பாவுக்குச் சுருக்கென்றது. நிலையத்தில் ஒவ்வொரு நாளும் தங்கள் தண்ணீரைச் சோதிப்பவள் அவள். வெளியூர்த் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் நீலம்பாளையத்தில் ஒருவருக்கும் கிடையாது. அழுக்கு என்று தெரிந்ததைச் சோதிப்பானேன்?

“ஒரு பாட்டில் கிணத்துத் தண்ணி குடுங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றாள்.

ஹர்ஷினி தானே கிணற்றில் இறைத்து, வெண்பா நீட்டிய பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். “என்ன இருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லோணும். ஒளிக்கக் கூடாது.”

“முடிவு வரட்டுங்க, அப்பறம் பேசிக்கலாம்” என்றார் பிரவீண்குமார். போட்ட இலைகள் போட்டபடி கிடக்க, யாரும் கை நனைக்காமல் எழுந்தார்கள். இலை போட்டு எழுந்த சம்பந்தம் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

நிலையத்து ஆய்வுக் கூடத்தில் வெண்பா சோதனையைத் தொடங்கினாள். கிருமி இருந்தால் கண்ணாடித் தட்டில் புள்ளி புள்ளியாகப் பூக்கும். எத்தனை வகை பூக்குமோ என்று பயந்துகொண்டே மறுநாள் பார்த்தாள். தட்டு துடைத்த மாதிரி இருந்தது. தான்தான் எதையோ சொதப்பிவிட்டோம் என்று திரும்பச் செய்தாள். திரும்பவும் அதே. காலரா, டைபாய்டு என்று பெயர் சொல்லித் தனித்தனியாகத் தேடினாள். யாரும் வீட்டில் இல்லை. இருந்தது பாறையிலிருந்து வந்த கொஞ்சம் மாங்கனீசு, குடிப்பதற்குக் கெடுதல் இல்லாத அளவில்.

பாறையும் சுவரும் மூடியும் சித்திரைத் தூர்வாரலும் செய்த வேலை. பத்தாயிரம் வோல்ட் இல்லாமல் நடந்திருக்கிறது.

அப்பாவைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நம்ம ஆத்துத் தண்ணி கெட்டுக் கெடந்தது. அதுக்கு மிஷின் வேணும். அது சரிதான்” என்றார். “ஆனா என் தங்கச்சி ஊடு இருக்குதே, மலையடிவாரத்துல. இத்தனை வருசத்துல அங்க ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல சாமி நான். போன வருசம் அவ சாகக் கெடந்தப்பக்கூடக் கேனோடதான் போனேன். அது நல்ல தண்ணியோ என்னமோ. கேக்கவே தோணலியே.”

வெண்பா அப்பாவின் தோளைத் தொட்டாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் வேலாம்புதூர் போனார்கள். செழியன் இன்னும் வந்திருக்கவில்லை. வெண்பா கூடத்தில் நின்றபடியே சொன்னாள்.

“உங்க தண்ணி சுத்தமுங்க அத்தை. எங்க தண்ணி மாதிரியே. ஒரு குறையும் இல்ல. நாந்தான் தப்பா நெனைச்சுட்டேன்.”

ஹர்ஷினி துள்ளிக் குதிப்பாள், அண்ணனுக்குப் போன் போடுவாள், குறைந்தபட்சம் ‘நான் சொல்லல?’ என்றாவது கேட்பாள் என்று வெண்பா எதிர்பார்த்தாள். அவள் கேட்டதோ வேறு.

“அப்ப தீபாவளிக்கு அவனுக்கு ஏன் அப்படி ஆச்சு?”

“வர்ற வழியில எங்கயாச்சும் எதையாச்சும் குடிச்சிருப்பாருங்க.”

“ஆமா... சந்தைமேட்டுல கரும்பு ஜூஸ் குடிச்சேன், ஐஸ் போட்டு ரெண்டு கிளாஸ்னு அவனே சொன்னான்” என்ற ஹர்ஷினி பெருமூச்சு விட்டாள். “கரும்பு ஜூஸ்காரன் மேல வராத சந்தேகம் எம்மேல வந்திருக்குது பாரு. அவன்கிட்டச் சொல்லிட்டியா?”

“இல்லீங்க. ஒளிக்கக் கூடாதுன்னீங்க, முதல்ல உங்ககிட்டச் சொல்லலாம்னு வந்தேன்.”

“சொல்லாத கண்ணு.”

“அத்தை?”

“நீ சொன்னீன்னா இப்பவே குடிப்பான், சொம்போட குடிப்பான். அது உம்படிப்பு மேல இருக்கற நம்பிக்கை. எனக்கு அதுவா வேணும்?”

வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது. செழியன் உள்ளே வந்தான். வெண்பாவையும் அவள் அப்பாவையும் பார்த்து, முடிவு என்ன என்று கண்ணாலேயே கேட்டான். ஹர்ஷினி சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். மகன் முன்னால் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டு வெண்பாவைப் பார்த்தான். குடிக்கலாமா என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஒரு தலையசைப்பு போதும், எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். சோதனை முடிவைச் சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிற வெண்பா, பிழைப்பில் முதல் தடவையாக முடிவை முகத்தில் காட்டாமல் நின்றாள். அது அவளுக்கு லேசாக இல்லை. அவள் தலையாட்டாததை அவன் வேறுவிதமாகத்தான் புரிந்துகொண்டான் என்பது அவன் முகம் வெளுத்ததில் தெரிந்தது.

செழியன் டம்ளரைப் பார்த்தான். கொல்லைப்புறக் கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். ஹர்ஷினியின் கை டம்ளரைக் கொடுத்த நிலையிலேயே இன்னும் நீண்டிருந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

“வயித்துக்கு ஏதாச்சும் வந்தா லீவு போட்டுக்கறேன்மா” என்றான். “நீ வந்து பாத்துக்குவீல்ல?”

ஹர்ஷினி டம்ளரை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிரவீண்குமார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

“ஏனுங்கம்மா, குழாய் எந்தப் பக்கமுங்க? கை நனைக்கோணும்” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“இருங்க... நானே ஊத்தறேன்” என்றாள் ஹர்ஷினி. சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள்.